படத்தில் தெரியாத மூச்சு

மூக்கு அறுவை சிகிச்சை விளம்பரங்களில் எப்போதும் இரண்டு படங்கள் இருக்கும். இடப்பக்கம் 'முன்பு', வலப்பக்கம் 'பின்பு'. கிளி மூக்கு நேராகியிருக்கும். சப்பை மூக்கு நிமிர்ந்திருக்கும். பார்த்த மாத்திரத்தில் புரிந்துவிடும் மாற்றம் அது. அந்த முகத்துக்காரர் இரவில் வாயை மூடிக்கொண்டு தூங்குகிறாரா, மாடிப்படி ஏறும்போது மூக்கு வழியாக அவருக்குக் காற்று போதுகிறதா என்பதைப் படம் சொல்லாது. படத்தால் அதைச் சொல்லவும் முடியாது.

இப்படிப்பட்ட படங்களின் மூதாதையாகச் சொல்லத்தக்க ஒன்று இந்தியாவிலிருந்து லண்டனுக்குப் போனது. காவாஸ்ஜி என்ற மராட்டியர் ஆங்கிலேயப் படையில் காளை ஓட்டுபவராக இருந்தார். 1792 போரில் திப்பு சுல்தானின் ஆட்களிடம் பிடிபட்டு மூக்கையும் ஒரு கையையும் பறிகொடுத்தார். ஏறக்குறைய ஓராண்டு மூக்கில்லாமல் திரிந்தவருக்குப் புனே அருகே, செங்கல் செய்யும் சமூகத்தைச் சேர்ந்த ஒருவர் புது மூக்கு வைத்தார். ஓவியர் ஜேம்ஸ் வேல்ஸ் காவாஸ்ஜியைப் படமாக வரைந்தார். 1794 அக்டோபரில் லண்டனின் 'ஜென்டில்மேன்ஸ் மேகசின்' இதழ் படத்தையும் செய்முறையையும் சேர்த்தே வெளியிட்டது. அதைப் படித்த ஜோசப் கார்ப்யூ என்ற ஆங்கிலேய மருத்துவர் பல ஆண்டுகள் யோசித்து, 1814-இல் லண்டனில் அந்த முறையைச் செய்து பார்த்தார். ஐரோப்பாவின் நவீன ஒட்டறுவை சிகிச்சை வரலாறு பெரும்பாலும் இந்த இடத்திலிருந்துதான் சொல்லப்படுகிறது.

செய்முறை விரிவாகவே எழுதப்பட்டிருக்கிறது. மெழுகில் மூக்கு போல ஒரு தகடு செய்து, அதைத் தட்டையாக்கி நெற்றியில் வைத்துக் கோடு போடுகிறார்கள். அந்த அளவுக்குத் தோலை உரித்து, புருவ நடுவில் ஒரு சிறு பட்டையை மட்டும் விட்டுவிட்டு, அரைச் சுற்றுத் திருகிக் கீழே இறக்குகிறார்கள். ரத்த ஓட்டம் அந்தப் பட்டை வழியாகத்தான். ஒட்டிய இடத்தில் வெற்றிலை போடுபவர்களுக்குப் பழக்கமான காசுக்கட்டியை நீரில் குழைத்துத் துணியில் தடவி அடுக்குகிறார்கள். நான்கு நாள் கழித்து நெய்யில் நனைத்த துணி. பெரும்பாலோர் படித்துவிட்டுக் கடந்துபோகும் ஒரு வரியும் அதில் உண்டு. பத்தாம் நாள், நாசித் துவாரங்கள் திறந்தே இருப்பதற்காக மென்மையான துணித் துண்டுகளை உள்ளே வைக்கிறார்கள்.

நெற்றித் தோலில் செய்த மூக்கின் உள்ளே நிமிர்த்திப் பிடிக்கக் குருத்தெலும்பு இல்லை. ஆறும்போது தோல் சுருங்கும். சுருங்கினால் துவாரம் அடைபடும். அந்தக் கைவினைஞருக்கு இது தெரிந்திருந்தது. அவருக்குப் பல நூற்றாண்டுகள் முன்பே சுஸ்ருத சம்ஹிதை, கன்னத்துத் தோலால் மூக்கு அமைத்த பிறகு இரண்டு துவாரங்களிலும் ஆமணக்குத் தண்டாலான குழல்களைச் செருகச் சொல்லியிருக்கிறது. முதல் காரணம் மூச்சு, பிறகுதான் வடிவம். இன்றைய விளம்பரங்கள் தலைகீழாக்கியிருப்பது இந்த வரிசையைத்தான்.

தமிழ்ப் பேச்சிலும் மூக்கு என்றால் ஒன்று அழகு, இல்லாவிட்டால் மானம். பெண் 'மூக்கும் முழியுமாக' இருப்பாள். தோற்றவன் 'மூக்கறுபட்டு' வருவான். அது வெறும் சொல்லாக மட்டும் இருந்ததில்லை. 1656 வாக்கில் மதுரைச் சீமைக்குள் புகுந்த மைசூர்ப் படை, கண்ணில் பட்டவர்களின் மூக்கை மேலுதட்டோடு அறுத்தெடுத்துப் போனது. முதுமையில் இருந்த திருமலை நாயக்கருக்காகச் சேதுபதி ரகுநாதர் படை திரட்டி விரட்டியடித்தார். பதிலுக்கு மைசூர் மண்ணிலும் மூக்குகள் அறுபட்டன. மூக்கறுப்புப் போர் என்றே வரலாற்றில் அதற்குப் பெயர். அன்றைய இயேசு சபைப் பாதிரியார்களின் கடிதங்களிலும் அந்தக் கொடுமை பதிவாகியிருக்கிறது.

பிறகு வந்த வெள்ளைக்காரர் மூக்கை அளவுகோலால் பார்த்தார்கள். ஹெர்பர்ட் ரிஸ்லி வங்காளத்திலும், சென்னை அருங்காட்சியகக் கண்காணிப்பாளராக இருந்த எட்கர் தர்ஸ்டன் இங்கேயும், மக்களை நிறுத்திவைத்து மூக்கின் அகலத்தையும் உயரத்தையும் கருவியால் அளந்து 'நாசிக் குறியீடு' கணக்கிட்டார்கள். மூக்கு ஒடுங்க ஒடுங்கச் சாதி உயரும் என்று ரிஸ்லி வாதிட்டார். அறிவியல் அந்த வாதத்தை எப்போதோ தூக்கி எறிந்துவிட்டது. அகன்ற மூக்கு குறையுள்ள மூக்கு என்ற எண்ணம் மட்டும் கண்ணாடி முன்னால் இன்னும் நிற்கிறது. உண்மையில், 2017-இல் 'பிளாஸ் ஜெனடிக்ஸ்' இதழில் வந்த ஆய்வு, நாசித் துவாரத்தின் அகலம் முன்னோர் வாழ்ந்த இடத்தின் வெப்பத்தோடும் காற்றின் ஈரத்தோடும் தொடர்புள்ளது என்று காட்டியது. குளிர்ந்த, வறண்ட காற்றைச் சூடாக்கி ஈரமாக்க ஒடுங்கிய வழி உதவும். புழுக்கமான ஊரில் அதற்குத் தேவை குறைவு. கடலோர வெக்கையில் வாழ்ந்தவர்களின் மூக்கு அகலமாக இருப்பதில் வெட்கப்பட ஒன்றுமில்லை.

மூக்கின் மேல் மூன்றில் ஒரு பங்குதான் எலும்பு. தொட்டு அசைத்தால் அசையும் மிச்சமெல்லாம் குருத்தெலும்பு. நடுவே சுவர்போல் நிற்கிறது நாற்கோணக் குருத்தெலும்பு. 'தண்டு வளைஞ்சிருக்கு' என்று மருத்துவமனையிலிருந்து திரும்புபவர்கள் சொல்வது பெரும்பாலும் இந்தச் சுவரைத்தான். அதன் உச்சியிலிருந்து, ஓட்டு வீட்டுக் கூரை இருபுறமும் இறங்குவதுபோல இரண்டு பக்கக் குருத்தெலும்புகள் சரிகின்றன. அவற்றுக்குக் கீழே மூக்கு நுனியையும் துவாரங்களின் விளிம்பையும் வளைத்துப் பிடிக்கும் இன்னொரு ஜோடி.

கூரை சுவரைத் தொடும் இடுக்குதான் முழு விஷயமும். ஐரோப்பிய மூக்குகளில் அதன் கோணம் 10 முதல் 15 பாகைதான். அகன்ற மூக்குகளில் சற்றுக் கூடும். டச்சு மருத்துவர் மிங்க் 1903-இல் அதற்கு 'வால்வு' என்று பெயர் வைத்தார். மூக்கிலிருந்து நுரையீரல் வரை காற்று சந்திக்கும் மொத்தத் தடையில் ஏறக்குறைய பாதி இந்த ஒரு இடத்தில் இருக்கிறது. நேரான குழாய் ஒன்றின் ஆரத்தைப் பாதியாக்கினால் சீராக ஓடும் காற்றுக்குத் தடை இரண்டு மடங்காவதில்லை, 16 மடங்காகிறது. பத்தில் ஒரு பங்கு குறைத்தாலே தடை ஒன்றரை மடங்கு. மூக்கு நேரான குழாய் இல்லைதான். ஆனாலும் வெளியே ஒரு மில்லிமீட்டர் என்று தோன்றுவது உள்ளே எவ்வளவு பெரிய விஷயம் என்பதற்கு இந்தக் கணக்கு போதும்.

இடுக்கில் காற்று விரைந்து பாயும்போது அங்கே அழுத்தம் குறைந்து பக்கச் சுவரை உள்ளே இழுக்கும். காகிதக் குழலால் இளநீரைப் பலமாக உறிஞ்சினால் குழல் ஒட்டிக்கொள்வதுபோல. ஒட்டவிடாமல் காப்பது குருத்தெலும்பின் விறைப்பு. கன்னத்தை விரலால் மெல்ல வெளிப்புறமாக இழுத்துப் பிடித்துக்கொண்டு மூச்சு விட்டால் சட்டென்று காற்று தாராளமாகப் போகிறது என்றால், அடைப்பு இந்த வால்வில் இருக்கலாம். சிகாகோ மருத்துவர் மாரிஸ் காட்டில் பெயரில் வழங்கும் எளிய சோதனை இது. நல்ல மூக்குக்காரர்களுக்கும் இதில் சற்று வித்தியாசம் தெரியும் என்பதால் இதைக்கொண்டு மட்டும் முடிவுகட்ட முடியாது.

அழகுக்கான மூக்குச் சிகிச்சை இந்த இடுக்கைப் பற்றி யோசிக்காமல்தான் வளர்ந்தது. 1887-இல் நியூயார்க் மாநிலத்தின் ராசெஸ்டரில் ஜான் ஆர்லாண்டோ ரோ வெளியே தழும்பு தெரியாமல் மூக்கின் உள்வழியாகத் திருத்தினார். 1898-இல் பெர்லினில் ஜாக் ஜோசப் தன் முதல் நோயாளியைப் பற்றி மருத்துவச் சங்கத்தில் விளக்கினார். பெரிய மூக்கால் வெளியே தலைகாட்டவே கூசிய 28 வயது இளைஞர் அவர். உடலுக்கு நோயில்லாவிட்டாலும் மனத்தின் துன்பம் சிகிச்சைக்குப் போதுமான காரணம் என்று ஜோசப் வாதாடினார். அது மனிதாபிமானமுள்ள வாதம், இன்றும் செல்லும்.

அந்த முறை நெடுங்காலம் கழித்தல் கணக்காகவே இருந்ததுதான் சிக்கல். மேட்டைச் சீவு, நுனியைக் குறை, எலும்பை உடைத்து ஒடுக்கு. மூக்கின் மேட்டைச் சீவும்போது கூரையும் சுவரும் சேரும் முகடும் போய்விடுகிறது. மோட்டுவளையை உருவிய ஓட்டு வீடுபோலப் பக்கக் குருத்தெலும்புகள் மெல்ல மெல்ல உள்ளே சரியும். மேசையில் படுத்திருக்கும்போது தெரியாது. ஆறுமாதம், ஓராண்டு, சிலருக்கு அதற்கும் மேல் கழித்து, மூக்கின் நடுவில் தலைகீழ் 'வி' போல ஒரு நிழல் விழும், மூச்சு முட்டும். 'பின்பு' படம் எடுத்து முடித்து எவ்வளவோ நாளாகியிருக்கும்.

அழகுக்காக அல்லாமல் அடைப்புக்காகவே செய்த சிகிச்சையிலும் இதே தவறு நடந்தது. 1902-இல் சிகாகோவின் ஃப்ரீரும், 1904-இல் ஜெர்மனியின் கில்லியனும், வளைந்த நடுச்சுவரின் பெரும்பகுதியை வெட்டியெடுக்கும் முறையை நிலைநிறுத்தினார்கள். முன்னும் மேலும் ஒரு சென்டிமீட்டர் சட்டம் விட்டுவைத்தால் மூக்கு நிற்கும் என்பது கணக்கு. பலருக்கு நின்றது. சிலருக்கு மூக்கு குதிரைச் சேணம்போலக் குழிந்தது. சிலருக்குச் சுவரில் ஓட்டை விழுந்து மூச்சோடு விசில் சத்தம் வந்தது. மாரிஸ் காட்டிலும் அவர் வழிவந்தவர்களும் இருபதாம் நூற்றாண்டின் நடுவில் இதை மாற்றப் போராடினார்கள். குருத்தெலும்பை எறியாதே, நேராக்கித் திருப்பி வை என்றார்கள். 1954-இல் அமெரிக்க மூக்கியல் சங்கத்தைத் தொடங்கியவர் காட்டில்தான். 1984-இல் ஜாக் ஷீன், சீவிய முகட்டில் சுவருக்கும் கூரைக்கும் நடுவே மெல்லிய குருத்தெலும்புப் பட்டைகளை வைத்து இடுக்கை விரிக்கும் உத்தியை எழுதினார். தச்சர் இடைவெளியில் சக்கை வைப்பதுபோன்ற வேலை. அதன் மூலம் வடிவத்தையும் மூச்சையும் ஒரே கத்தியால் காப்பாற்ற முடியும் என்று தெரிந்தது. தெரிந்து நாற்பது ஆண்டுகளாகின்றன. ஆகவே இன்று ஒருவர் நேரான மூக்கோடும் அடைத்த மூச்சோடும் வீடு திரும்பினால், அறிவியல் வளரவில்லை என்று சமாதானம் சொல்ல முடியாது.

சக்கை வைக்கக் குருத்தெலும்பு வேண்டும். அது மூக்கின் நடுச்சுவரிலிருந்து கிடைக்கும். முதல் சிகிச்சையில் அதைத் தீர்த்துவிட்டால் காது. காதும் போதாவிட்டால் விலா. வெட்டிய இடத்துத் தழும்பு இறுகிய பின் செய்யும் இரண்டாவது சிகிச்சை முதலாவதைவிடக் கடினம், செலவும் அதிகம். குருத்தெலும்பில் எடுத்து வீசத்தக்க உபரி என்று எதுவும் இல்லை.

மூக்கின் பக்கச் சுவர்களில் மடிப்பு மடிப்பாக நீளும் டர்பினேட்டுகளின் கதை இன்னும் வேதனையானது. 'சதை வளர்ந்திருக்கு' என்று சொல்லி வெட்டப்படுபவை பல சமயம் இவைதான். காற்றைச் சூடாக்கி ஈரமாக்குவது இவற்றின் வேலை. இவை தாமாகவே மாறி மாறி வீங்கி வடியும். சில மணிநேரம் ஒரு துவாரம் அடைத்ததுபோல் இருக்கும், பிறகு மற்றது. ஜெர்மானியரான கைசர் இதை 1895-இல் விவரித்தார். இடகலை, பிங்கலை என்று சரம் பார்க்கும் சித்தர் மரபு இதே மாற்றத்தை வெகுகாலமாகக் கவனித்து வந்திருக்கிறது. இந்த ஏற்ற இறக்கத்தையே நோய் என்று நினைத்து மடிப்புகளை முழுவதும் வெட்டிவிட்டால், மூக்கு அகன்ற வெற்றிடமாகிவிடும். அதன் பிறகு ஒருசிலருக்கு நேர்வது விசித்திரமானது. ஸ்கேனில் வழி விசாலமாகத் தெரிகிறது. அவருக்கோ மூச்சு திணறுகிறது. அமெரிக்காவின் மாயோ கிளினிக்கைச் சேர்ந்த யூஜின் கெர்ன் 1994-இல் இதற்கு 'வெற்று மூக்கு நோய்க்குறி' என்று பெயரிட்டார்.

காற்று உள்ளே போகிறது என்று மூளைக்குச் சொல்வது, சளிச்சவ்விலுள்ள குளிர் உணரும் நரம்பு முனைகள். அதனால்தான் தைலத்தை முகர்ந்தால் அடைப்பு விலகியதுபோல் தோன்றுகிறது. மெந்தால் முகர்ந்தவர்கள் மூக்கு திறந்துவிட்டதாக உணர்ந்தபோதும் காற்றுத் தடை அப்படியே இருந்ததை, கார்டிஃப் பல்கலைக்கழகத்தின் ரானல்ட் எக்கிள்ஸ் அளந்து காட்டினார். அந்தக் குளிர் உணரியைக் கண்டறிந்தவர்களான டேவிட் ஜூலியஸுக்கும் ஆர்டெம் பட்டபூட்டியனுக்கும் 2021-இல் மருத்துவ நோபல் பரிசு கிடைத்தது. உணரும் சவ்வை வெட்டியெறிந்தால், எவ்வளவு காற்று போனாலும் மூளைக்குச் செய்தி போகாது. ஸ்கேன் சரியாக இருக்கிறது, எல்லாம் மனப்பிரமை என்று அத்தகைய நோயாளியைத் திருப்பி அனுப்புவது கொடுமை. சீனாவின் வென்லிங் நகரில் 2013-இல், மூக்கு அறுவைக்குப் பின் தன் தொல்லை தீரவில்லை என்று மாதக்கணக்கில் முறையிட்ட ஒருவர் ஒரு மருத்துவரைக் குத்திக் கொன்றார். அந்தக் கொலையை எதுவும் நியாயப்படுத்தாது. இறந்தவர் ஒரு மருத்துவர். அவருக்கும் குடும்பம் இருந்தது. ஆனால் மூச்சுத் துன்பத்தை யாரும் நம்பாதபோது ஒரு மனிதன் எவ்வளவு தூரம் உடைந்துபோகலாம் என்பதையும் மருத்துவ உலகம் கேட்டுத்தான் ஆக வேண்டும்.

இதெல்லாம் மூக்கு அறுவையே வேண்டாம் என்பதற்காக அல்ல. பிரிட்டனில் 17 மருத்துவமனைகளில் 378 பேரைக் கொண்டு நடந்து 2023-இல் வெளியான ஆய்வு, தண்டு வளைவால் அடைப்புள்ளவர்களுக்கு மருந்துத் தெளிப்பானைவிட நடுச்சுவர் அறுவை ஆறு மாத முடிவில் தெளிவாக அதிக நன்மை தந்ததைக் காட்டியது. தோற்றத்துக்கான சிகிச்சையும் ஆடம்பரம் ஆகிவிடாது. தொழுநோய் மூக்கின் நடுச்சுவரை அரித்துவிட்டால் மூக்கு அமுங்கி, நோய் தீர்ந்த பின்னும் அந்த முகத்தை ஊர் ஒதுக்கும். 1946-இல் வேலூர் வந்த பால் பிராண்ட் தொழுநோயாளிகளின் கைகளைச் சீராக்கியதோடு புருவத்தையும் மூக்கையும் சரிசெய்யும் வேலையையும் எடுத்துக்கொண்டது, அவர்கள் மனிதர் நடுவே திரும்பிப் போக அது தேவைப்பட்டதால்தான்.

எல்லாத் தண்டு வளைவும் வெட்டவேண்டியதும் இல்லை. முற்றிலும் நேரான நடுச்சுவர் உள்ளவர்கள் சொற்பம். ஸ்கேன் அறிக்கையில் தண்டு வளைவைக் குறிக்கும் 'டி.என்.எஸ்.' என்று மூன்று எழுத்தைப் பார்த்துப் பயந்து தேதி குறிப்பவர்கள், அடைப்புக்குக் காரணம் ஒவ்வாமையா, நாள்கணக்கில் விட்டுக்கொண்ட சொட்டு மருந்தா என்று முதலில் கேட்க வேண்டும். மூக்கைத் திறக்கும் சொட்டு மருந்தைத் தொடர்ந்து விட்டால் அதுவே அடைப்பை உண்டாக்கும்.

பெற்றோர் அறிய வேண்டிய ஒன்று உண்டு. மற்றதெல்லாம் தாமதமானாலும் இது தாமதமாகக் கூடாது. குருத்தெலும்புக்குள் ரத்தக் குழாய் கிடையாது. மேலே போர்த்தியிருக்கும் சவ்விலிருந்து ஊறி வருவதுதான் அதற்குச் சாப்பாடு. கிரிக்கெட் பந்து பட்டோ, சைக்கிளிலிருந்து விழுந்தோ குழந்தையின் மூக்கில் அடிபட்டால், சவ்வுக்கும் குருத்தெலும்புக்கும் நடுவே ரத்தம் கட்டிவிடலாம். அப்படியே விட்டால் இரண்டு மூன்று நாளில் குருத்தெலும்பு செத்துவிடும்; சீழ் பிடிக்கும்; வளரும் முகத்தின் நடுவில் மூக்கு குழிந்துபோகும். வெளியே எலும்பு முறிவு இல்லை என்று எக்ஸ்ரே சொன்னாலும், இரண்டு பக்கமும் அடைப்பு, கூடிக்கொண்டே போகும் வலி, உள்ளே சிவந்தோ நீலம் பாரித்தோ மெத்தென்ற வீக்கம் இருந்தால் அன்றைக்கே காது மூக்கு தொண்டை மருத்துவர் பார்த்து ரத்தத்தை எடுத்துவிட வேண்டும். பள்ளி விளையாட்டு ஆசிரியர்களுக்கும் இது தெரிந்திருக்க வேண்டும்.

அழகுக்காக மூக்கைத் திருத்தும் நிலையங்களிடம் கேட்க வேண்டியதும் அதிகமில்லை. சிகிச்சைக்கு முன் முகத்தைப் படம் எடுப்பதுபோல மூச்சையும் அளக்கட்டும். மூக்கு வழியாக இழுக்கும் காற்றின் வேகத்தைக் காட்டும் கையடக்கக் கருவி விலை கூடியதல்ல. ஒப்புதல் படிவத்தில், மூச்சுக்கு என்ன ஆபத்து, இடுக்கைத் தாங்க என்ன செய்யப் போகிறார்கள் என்பது நோயாளி படிக்கும் தமிழில் இருக்கட்டும். மூக்கின் வீக்கம் முழுதாக அடங்க ஓராண்டு ஆகும்; 'பின்பு' என்று காட்டும் படம் அந்த ஓராண்டுக்குப் பிறகு எடுத்ததாக இருக்கட்டும்.

கருவி இல்லாவிட்டாலும், 2004-இல் அமெரிக்க மருத்துவர்கள் சரிபார்த்து வெளியிட்ட, உலகெங்கும் பயன்படும் கேள்விப் பட்டியல் ஒன்று இருக்கிறது. ஐந்தே கேள்விகள், ஒவ்வொன்றுக்கும் 0 முதல் 4 வரை மதிப்பெண். கூட்டி 5-ஆல் பெருக்கினால் நூற்றுக்கு எவ்வளவு என்று வந்துவிடும். கத்தி படும் முன்பும் ஓராண்டு கழித்தும் அந்த எண்ணை எழுதி இரண்டு படங்களுக்கும் கீழே ஒட்டலாம். கேட்பது இதுதான்: கடந்த ஒரு மாதத்தில் மூக்கு கனத்துக் கிடந்ததா? அடைத்துக்கொண்டதா? மூக்கால் மூச்சு விடச் சிரமமாக இருந்ததா? தூக்கம் கெட்டதா? ஓடும்போதோ உடலை வருத்தி வேலை செய்யும்போதோ மூக்கு வழியாகக் காற்று போதாமல் போனதா?